செங்கம் ரோட்டில் ஒரு ரெயின் செக்

வெளிநாடு போக பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் எங்கள் மாவட்டத்துக்காரர்களாக இருக்க முடியாது. கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, திருவண்ணாமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் மடியில் பாதிப் பாதி உட்கார்ந்து ஆசிரமங்கள் இருக்கிற செங்கம் ரோட்டில் போய்க் குதித்தால் முடிந்தது. இந்தப் பக்கம் ஃப்ரெஞ்சு, அந்தப் பக்கம் ரஷ்யன், நடுரோட்டில் நம்ம ஊர் எருமை.

இருபத்து மூன்று வயது வரைக்கும் அந்த நாட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது ஓரமாகப் பார்த்ததோடு சரி. போன மாதம் ஐந்து நாள் அங்கேயே தங்கினேன். காரணம், ஒரு வேலை.

சென்னையில் ஒரு கம்பெனி. ஆஸ்திரேலியாவில் இருக்கிற கடைகளுக்கு சாஃப்ட்வேர் பழுது பார்த்துக் கொடுக்கிறார்கள். முதல் ரவுண்டு வீடியோ இன்டர்வியூவில் கோடெல்லாம் நன்றாகவே எழுதினேன். கடைசியில் ஆஸ்திரேலிய மேனேஜர் வந்தார். இந்த வேலையை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், "கிவ் மீ எ பால்பார்க்" என்றார். நான் "ஷ்யூர் சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் காத்திருந்தார். நான் சிரித்தேன். அவர் இன்னும் காத்திருந்தார். நான் இன்னும் நன்றாகச் சிரித்தேன்.

பால்பார்க் என்றால் குத்துமதிப்பு. 'குத்துமதிப்பா ஒரு கணக்குச் சொல்லும்மா' என்று கேட்டிருக்கிறார் மனிதர். அவ்வளவுதான்.

கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம் நல்லவர், தமிழ்க்காரர். "கோடிங் ஓகே. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை பேசச் சொல்றேன். இங்கிலீஷ மட்டும் பாத்துக்கோங்க" என்றார். அப்பா அதற்குள் பி.எட். விண்ணப்பம் வாங்கி, என் போட்டோவும் ஒட்டி, டி.வி. மேல் வைத்துவிட்டார். சனிக்கிழமை சொதப்பினால் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. பி.எட். ஒன்றும் பாவமில்லை. ஆனால் எனக்குப் பிள்ளைகளைக் கண்டால் பயம்.

ஆகவே ஒரு நோட்டுப் போட்டேன். போனில் தேடித் தேடி, ஏ-யிலிருந்து இசட் வரை, முன்னூற்றுப் பன்னிரண்டு இடியம். எதிரே அர்த்தம். ஆனால் இதைப் பேசிப் பழக ஆள் வேண்டுமே? கீழ்பென்னாத்தூரில் யாரிடம் போய் 'ஸ்பில் தி பீன்ஸ்' என்பது? காலேஜ் தோழி சங்கீதா செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருக்கிறாள். "வாடி, என் ரூம்லயே தங்கிக்கோ. வெள்ளக்காரங்க இங்க ஜாஸ்தி, பேசிப் பேசியே தேஞ்சுடுவ" என்றாள். கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதல் காரியமாகத் தொலைந்தேன். நீல கேட் போட்ட கெஸ்ட் ஹவுஸ் எங்கே என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "நேராப் போய் லெஃப்ட்ல திரும்பு." திரும்பினேன். ஒரு கிணறு இருந்தது. பூ விற்கிற அக்காவைக் கேட்டேன். "அது இந்தாண்ட இல்ல கண்ணு, வந்த வழியே போ." போனேன். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன். "நீல கேட்டா? அத்த இட்ச்சுட்டாங்களே, தெரியாதா உனக்கு?" என்றார் ஓர் அண்ணன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

இடிக்கவெல்லாம் இல்லை. நான் முதலில் கேட்ட டீக்கடைக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

மூன்று பேருக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தர் வாயிலிருந்தும் 'தெரியாது' வரவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். வழி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். தப்பான வழியையாவது கொடுத்துத்தான் அனுப்புவோம். அன்றைக்கு அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வியாழக்கிழமை மதியம் வரை தாங்கியது.

கெஸ்ட் ஹவுஸின் மாடியில் ஒரு கஃபே. மெனுவைப் பார்த்துவிட்டு 'காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்று நோட்டில் டிக் போட்டேன். ஒரு கையும் காலும் கொடுத்து வாங்குகிற அளவு விலை என்று அர்த்தம். நாம் ஆனை விலை குதிரை விலை என்போம். நமக்கு மிருகங்கள், அவர்களுக்கு உடல் உறுப்புகள். பூசணிக்காய் சூப் வந்தது. பூசணியை சாம்பாரில் பார்த்திருக்கிறேன், திருஷ்டி கழித்து ரோட்டில் உடைத்தும் பார்த்திருக்கிறேன், தம்ளரில் ஊற்றிக் குடிக்க இதுதான் முதல் தடவை. இஞ்சி, எலுமிச்சை, தேன் போட்ட வெந்நீருக்கு மெனுவில் தனிப் பக்கமே இருந்தது. ஜலதோஷம் பிடித்தால் அம்மா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாரே, அதேதான். இங்கே அதை ஆளாளுக்கு ஆசையாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை வேட்டைக்கு இறங்கினேன். வெறுங்காலில் கிரிவலம் சுற்றக் கிளம்பிய ஒருவர் படியில் உட்கார்ந்து குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். நல்லபடியாக முடித்து வாருங்கள் என்று வாழ்த்த நினைத்து, "ப்ரேக் எ லெக்!" என்றேன். சொல்லுக்குச் சொல் 'காலை உடைத்துக்கொள்' என்றாலும், மேடை ஏறுகிறவர்களை வாழ்த்தச் சொல்வது அது. நோட்டில் 'வாழ்த்து' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அவர் நிமிர்ந்து, "நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்றார். ஜெர்மனிக்காரர். கோபம்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அடுத்து ஒரு ஃப்ரெஞ்சு அம்மா. மலை ஏறுவது கஷ்டமா என்று கேட்டார். "பீஸ் ஆஃப் கேக்" என்றேன். சுலபம் என்று அர்த்தம். அவர் கனிவாக, "வேண்டாம், நான் சர்க்கரை சேர்ப்பதில்லை" என்றார்.

ரிசப்ஷனுக்கு ஓடினேன். அங்கே சங்கீதா ஓர் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "சார், நைட் வாட்டர் நோ. மார்னிங் சிக்ஸ் கம். பக்கெட் ஃபில்." அவர் "ஓகே, தேங்க் யூ" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "எப்படிடி உன் இங்கிலீஷ் மட்டும் புரியுது?"

"ஏன்னா அவருக்கும் அவ்ளோதான் தெரியும். கொரியாக்காரரு. ரெஜிஸ்தர பாரு. ஜெர்மன், ஃப்ரான்ஸ், இத்தாலி, ரஷ்யா, போலந்து. இவங்கல்லாம் நம்மள மாதிரி ஸ்கூல்ல படிச்சவங்கடி. வெள்ளையா இருந்தா இங்கிலீஷ்காரனா?"

எனக்குத் தலையில் பூசணிக்காய் உடைந்தது. "ஒருத்தர்கூடவா இங்கிலீஷ்காரர் இல்ல?"

"பீட்டர்னு ஒருத்தர் இருக்காரு. பக்கத்து வீதில ரூம். எப்பனா காபிக்கு வருவாரு. வந்தா சொல்றேன். அதுவரைக்கும் யார் காலையும் ஒடைக்காம இரு."

மாடி கஃபேயில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு பெண் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு குட்டை பென்சில் தொங்கியது. "நீ அந்த ஜெர்மன் ஆளிடம் சொன்னது எனக்குத் தெரியாது. அது என்ன? சொல்லு, எழுதிக்கொள்கிறேன்" என்றார். மாக்தா, போலந்து. அடி அண்ணாமலையில் வீடு எடுத்து இரண்டு வருஷமாக இருக்கிறார், சைக்கிளில்தான் எங்கும் போவார். இந்த 'எனக்குத் தெரியாது, அது என்ன' என்பதை அவர் மூச்சு விடுகிற மாதிரி சொன்னார். டீக்கடையில், பஸ்ஸில், கோவில் வாசலில், எல்லாரிடமும் சொன்னார்.

நான் நோட்டைத் திறந்தேன். ஐந்தாவது நிமிஷத்தில் நான் மாணவி இல்லை, டீச்சர். பி.எட். இல்லாமலேயே.

அந்த மதியம் அருமையாகப் போனது. 'பட்டர் அப்' என்றால் காரியம் ஆக ஒருத்தரைப் புகழ்வது என்றேன். அதைத் தமிழில் ஐஸ் வைப்பது என்போம் என்றதும் மாக்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "குளிர்நாட்டுக்காரர்கள் வெண்ணெய் தடவுகிறார்கள், வெயில்நாட்டுக்காரர்கள் ஐஸ் வைக்கிறார்கள். ரொம்ப சரி!" 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உளறிக்கொட்டுவது. இரண்டு பக்கமும் கொட்டத்தான் கொட்டுகிறார்கள். 'புல்லிங் மை லெக்' என்றால் சும்மா கலாய்ப்பது. அதை நாம் காலை வாருவதோடு குழப்பிக்கொண்டால் தொலைந்தோம், நம் ஊரில் காலை வாரினால் ஆள் எழுந்திருக்கவே மாட்டான். 'கோஸ்டிங்' என்றால் பேய் மாதிரி மாயமாகி, போனும் எடுக்காமல், பதிலும் போடாமல் ஒருத்தரை டபாய்ப்பது. அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லா நாட்டிலும் நடக்கிறதாம்.

சுலபமான வேலையை இங்கிலீஷில் கேக் துண்டு என்கிறார்கள். போலந்தில் வெண்ணெய் தடவிய பன் என்கிறார்களாம். நாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்கிறோம். மூன்று நாட்டிலும் கஷ்டமில்லாத வேலை என்றால் ஒன்றே ஒன்றுதான், தின்பது. "ஆனா ஜாக்கிரதை. அல்வா குடுத்துட்டான்னா ஏமாத்திட்டான்னு அர்த்தம்" என்று சொல்லி வைத்தேன். குட்டை பென்சில் அதையும் எழுதிக்கொண்டது.

மாலையில் மாக்தாவின் போனில் ஒரு செய்தி வந்தது. பீட்டர். மறுநாள் மதியம் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாராம் மாக்தா. என்னையும் கூப்பிட்டார். "நீயும் வா. நிஜ இங்கிலீஷ்காரர், பேசு" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. பிறகு செய்தியைக் காட்டினார். 'நாளைக்கு ரெயின் செக் எடுத்துக்கொள்ளலாமா?'

"ரெயின் செக். எனக்குத் தெரியாது. அது என்ன?"

எனக்கும் தெரியாது. ஆர் எழுத்தில் பத்தொன்பது இருந்தது, இது இல்லை. போனில் தேடியிருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்து தேடினால் தெரியாது என்று ஆகிவிடுமே? மதியத்திலிருந்து டீச்சராக இருந்தவள் எப்படி ஒரே நொடியில் இறங்குவது? "ஓ, அதுவா? கொஞ்சம் லேட்டா வரலாமான்னு கேக்குறார்" என்றேன். எவ்வளவு தெளிவாக! டீக்கடைக்காரர்கூட லெஃப்ட் என்று சொல்லும்போது ஒரு நொடி யோசித்தார்.

"சரி. லேட்டாக வரட்டும்" என்று மாக்தா பதில் டைப் பண்ணினார். 'ஓகே, நோ ப்ராப்ளம்.'

வியாழக்கிழமை சங்கீதாவின் சைக்கிளில் கிளம்பினேன். கிரிவலப் பாதையில் செயின் மூன்று தடவை கழன்றது. மூன்றாவது தடவை ஒரு சாமியார் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், மாட்டிவிட்டுப் போனார். அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது கையெல்லாம் கருப்பு.

மாக்தா காலை ஆறு மணியிலிருந்து சமைத்திருந்தார். மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே உருளைக்கிழங்கு மசியல் வைத்து, அரை நிலா மாதிரி மடித்து, கொதிநீரில் வேக வைத்தது. அறுபது இருக்கும். மேலே வதக்கின வெங்காயம். வீட்டுக்காரம்மா மலர் அக்கா எட்டிப் பார்த்து, "கொழுக்கட்டை ஷோக்கா வந்திருக்கு. ஆனா வெல்லத்துக்குப் பதிலா கிழங்க வச்சுட்டாளே, பாவம், யாரும் சொல்லித்தரலியா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

ஒரு மணி ஆயிற்று. லேட்டாகத்தானே வருவார். இரண்டு. மாக்தா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். இரண்டரைக்குத் திரும்பச் சூடு பண்ணினார். மூன்று மணிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பீட்டரின் குரல் தூக்கத்தோடு வந்தது. "நான்தான் நேற்றே ரெயின் செக் கேட்டேனே? நீயும் சரி என்றாயே?"

"அது என்ன?"

"இந்தத் தடவை முடியாது, இன்னொரு நாள் வரட்டுமா என்று அர்த்தம்."

மாக்தா போனை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கொழுக்கட்டையைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்படியானால் ஏன் தெரியாது என்று சொல்லவில்லை?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த ஜெர்மன்காரர் மாதிரி, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். என் முகம் என்ன செய்தது தெரியுமா? சிரித்தது. அதே சிரிப்பு. பால்பார்க் சிரிப்பு. சட்டென்று எனக்கே உறைத்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு எழுதினாலும், மூவாயிரம் எழுதினாலும், முன்னூற்றுப் பதின்மூன்றாவது வரும்போது நான் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்கப்போகிறேன். சனிக்கிழமையும்.

"சாரி மாக்தா" என்றேன்.

அவர் கழுத்துப் பென்சிலைத் தடவிக்கொண்டே, நிதானமாக, தமிழில் சொன்னார். "நீ எனக்கு அல்வா குடுத்துட்ட."

மலர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "எம்மாடி, எங்கருந்து கத்துக்குனா இத!" என்று ஓடிப்போய் ஒரு கிண்ணம் தக்காளித் தொக்கு கொண்டு வந்தார். அக்கா, அவர் வீட்டுக்காரர், மாக்தா, நான், நான்கு பேருமாக அறுபதில் நாற்பதைத் தீர்த்தோம். தொக்கு தொட்டுக்கொண்டால் போலந்துக் கொழுக்கட்டைக்கு ஈடில்லை. மிச்சத்தைத் தூக்குவாளியில் போட்டு என் கையில் கொடுத்தார் மாக்தா.

வெள்ளிக்கிழமை காலை சங்கீதா படியேறி வந்து, "உன் இங்கிலீஷ்காரர் வந்திருக்காரு, காபி குடிக்கிறாரு, போடி!" என்றாள். முப்பத்தைந்து வயது, வெயிலில் வெந்த மூக்கு, கொட்டாவி. தூக்கைத் திறந்து வைத்தேன், மாக்தா கொடுத்தது என்று. சாப்பிட்டுக்கொண்டே என் நோட்டைப் புரட்டினார். புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இதில் பாதியை நான் வாழ்க்கையில் சொன்னதே இல்லை" என்றார். "சிலதுக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. ரெயின் செக்கூட எங்கள் ஊர்ச் சொல் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், இன்னொரு நாள் வந்து பார்க்க ஒரு சீட்டு கொடுப்பார்களாம். அதுதான்."

"பின்ன ஆஸ்திரேலியாக்காரர் பேசினா உங்களுக்கு எல்லாம் புரியுமா?"

"சில சமயம் புரியாது. கேட்பேன்."

இவருமா! தாய்மொழிக்காரரே கேட்கிறார்.

அன்று முழுக்க சங்கீதா எனக்குப் பயிற்சி கொடுத்தாள். கஃபேயில் உட்கார்ந்து அவள் வாய்க்கு வந்ததைக் கேட்பாள், தெரியாவிட்டால் தெரியாது என்று நான் சொல்ல வேண்டும். கேலியாகத் தோன்றும். செய்து பாருங்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகும். "வெக்கப்படாத, சிரிக்காத, மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கல்யாணமா பண்ணப்போற?" என்று அதட்டினாள்.

சனிக்கிழமை பதினோரு மணி. வைஃபை நன்றாக எடுப்பது மொட்டை மாடியில் மட்டும்தான், ஆனால் அங்கே குரங்குகளின் ராஜ்ஜியம். பாத்ரூமில் தண்ணீர் தள்ளுகிற தள்ளுகட்டையைத் தூக்கிக்கொண்டு சங்கீதா சுவரோரம் காவல் நின்றாள். திரையில் மேனேஜர், ஹெச்.ஆர். மேடம், நான்.

மேனேஜர் ஒரு கடைக்காரரின் புகாரைப் படித்தார். பில்லில் ஒரு எண் தப்பாக வருகிறது. "இதை எப்படிச் சரி செய்வாய்? ஆனால் ஒன்று, டோன்ட் பாயில் தி ஓஷன்" என்றார்.

நோட்டில் இல்லை. கன்னத்தில் சிரிப்பு கிளம்புவது எனக்கே தெரிந்தது. ஹெச்.ஆர். மேடம் அந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார், புரிந்த மாதிரி, அழகாக. சங்கீதா தள்ளுகட்டையை என் பக்கம் நீட்டினாள்.

"மன்னிக்கணும், அது எனக்குத் தெரியாது. என்ன அர்த்தம்?" என்றேன் இங்கிலீஷில்.

அவர் ஒரு நொடி நின்றார். எனக்கு அது ஒரு செமஸ்டர்.

"ஓ! கடலையே கொதிக்க வைக்கக் கிளம்பாதே என்று. கேட்ட பிரச்சினையை மட்டும் சரி செய், மொத்த சாஃப்ட்வேரையும் பிரிக்காதே."

அவ்வளவுதானா? நான் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தேன். எங்கே பார்ப்பேன், எதைத் தொட மாட்டேன், சரியாகிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பேன். நடுவில் இன்னும் இரண்டு தடவை தெரியாது, என்ன அர்த்தம் என்று கேட்டேன். மூன்றாவதைச் சொல்வதற்குள் பழகிவிட்டது. கடைசியில் அவர், "சரி, எவ்வளவு நேரம் ஆகும்? பால்பார்க்?" என்றார்.

"குத்துமதிப்பா ரெண்டு மணி நேரம்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. உடனே இங்கிலீஷில் சொன்னேன். ஹெச்.ஆர். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீடியோ கால் முடிந்த மறு நிமிஷம் என் போனில் மேடத்திடமிருந்து ஒரு செய்தி, தனியாக. 'தேங்க்ஸ்மா. ரெண்டு வருஷமா அவர் இந்த ஓஷன சொல்றாரு. இன்னிக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிஞ்சுது.'

மூன்று மணிக்கு மேடமே கூப்பிட்டார். அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்குச் சேரச் சொன்னார். சங்கீதா தள்ளுகட்டையோடு ஆடினாள், குரங்குகள் ஓடின. மாக்தாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'அல்வா' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. எந்த அல்வா என்று கேட்டேன். 'சாப்பிடுகிறது' என்று வந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வேலை கிடைச்சுடுச்சுப்பா."

"அட! அந்த நோட்டு இங்கிலீஷெல்லாம் எடுத்து விட்டியா?"

"இல்லப்பா. தெரியாது, தெரியாதுன்னு மூணு வாட்டி சொன்னேன்."

"அதுக்கா சம்பளம் தராங்க?" என்றார் அப்பா.

கீழ்பென்னாத்தூர் பஸ் இன்னும் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையும் கையுமாக ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார். "எம்மா, இந்த மண்டபம் எந்தாண்ட வரும்?" பெயரைப் படித்தேன். கேள்விப்பட்டதே இல்லை. என் வலது கை தானாக மேலே கிளம்பி, ஏதோ ஒரு திசையைக் காட்டத் தயாரானது. பிடித்து இறக்கினேன்.

"எனக்குத் தெரியாதுங்கண்ணா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளியூரா?" என்றார்.